பெட்டி தூக்கும் பாட்டு

ஜொகூரில் குளுவாங் பக்கம் சாவு வீட்டில் சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில் ஒரு பாட்டுப் போடுவார்கள். பாலோ, காஹாங், சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லா இடத்திலும் அதே பாட்டுதான். அதில் சொல் கிடையாது. ஒரு பெண் குரல் தாழ்வாக ஆரம்பித்து மெல்ல ஏறும். கொஞ்ச நேரத்தில் அதே குரல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும். பிறகு மூன்றாவதாகவும் ஒன்று. அடியில் ஒரு மெஷின் தாளம் டக் டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தவர்கள்கூட அந்த இடத்தில் உடைந்துவிடுவார்கள். என் அப்பா இறந்தபோது நானும் அப்படித்தான் அழுதேன். பாடியது யார் என்று யாரும் கேட்டதில்லை. சங்கு ஊதுவதைப் போல அதுவும் ஒரு சடங்கு என்று இருந்துவிட்டோம்.

பாடியவர் பெயர் பேச்சியம்மாள். ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் என்னோடு காய்கறி வெட்டுகிறார். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எனக்கு மேல்வீடு. வயது எழுபதை நெருங்குகிறது. அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் புள்ள என்பார். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

அவர்தான் பாடியவர் என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு சாவு வீட்டில். கேண்டீன் சமையல்காரரின் தாயார் பாலோவில் தவறிவிட்டார். எல்லோரும் ஒரு வேனில் போனோம். பெட்டியைத் தூக்கினார்கள், பாட்டு வந்தது. அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டோரம் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னக்கா, மயக்கமா?"

"மயக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சத்தத்த எவ்ளோ கூட்டி வச்சிருக்கான் பாரு. கொரல் பொளந்து வருது. அப்படிப் போடக்கூடாது அத."

"உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டா?"

ரோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ வாயத் தொறக்காத ஆளு, அதனால சொல்றேன். அது நான்தான்லா."

நான் நம்பவில்லை என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் கீழே, எனக்கு மட்டும் கேட்கும்படி, அந்தப் பாட்டோடு சேர்ந்து கொஞ்சம் பாடினார். அதே குரல். கொஞ்சம் வயதாகியிருந்தது, அவ்வளவுதான்.

"இந்த ஜில்லாவுலேயே நெறைய பேர அழ வச்சவ நான்தான்," என்றார். "ஒரு மாலை போட்டானுங்களா எனக்கு?"

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னார். கோஸ் வெட்டிக்கொண்டே, பலகையைப் பார்த்தபடியே சொல்வார். யாராவது பக்கத்தில் வந்தால் நிறுத்திவிடுவார்.

பாலோவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேருமே பால்மரம் வெட்டியவர்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தம்பி வேலுவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பதினெட்டு வயதில் ஜொகூர் பாருவில் ரேடியோ செய்யும் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோது கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அங்கே அவர் வேலை வரிசையின் கடைசியில். செய்து முடித்த ஒவ்வொரு ரேடியோவையும் திறந்து, முள்ளைத் திருப்பி, சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டு மூட வேண்டும். சிங்கப்பூர் ஆங்கில நிலையம்தான் அங்கே தெளிவாக எடுக்கும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பாடும் பாட்டு, சோல் என்பார்கள், அது மணிக்கு மணி போகும். ஒரு ரேடியோவில் பாட்டின் முதல் வரி, அடுத்ததில் நடு, அதற்கடுத்ததில் முடிவு. அப்படித் துண்டு துண்டாகக் கேட்டே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

"இங்கிலீஷ் ஒரு எழவும் புரியாது," என்பார். "அவ எங்க மூச்சு எடுக்குறா, எங்க தொண்டைய அறுக்குறா, அது மட்டும் தெரியும். எனக்கு அது போதும்."

தொழிற்சாலை ஆண்டு விருந்தில் மேடை ஏறினார். கேட்டுக்கொண்டிருந்த ஹோட்டல் இசைக்குழுக்காரர் அடுத்த வாரமே வந்து கூப்பிட்டார். பேச்சி என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று ஹோட்டல் மானேஜர் பெகி என்று வைத்தார். பகலில் ரேடியோ சோதிப்பது, வாரக் கடைசியில் ஹோட்டலில் பாடுவது. சிங்கப்பூர்க்காரர்களும் ஜப்பான் எஞ்சினியர்களும் எழுந்து நின்று கைதட்டுவார்களாம். இடையில் லாரி ஓட்டும் ஐயாசாமியோடு கல்யாணமும் ஆனது. அவரும் பாலோக்காரர். பாடுவதைத் தடுக்காத மனுசன்.

அந்த ஹோட்டலுக்கு முஸ்தபா என்று ஒருவர் வருவார். ஜொகூர் பாரு டவுனில் ரேடியோவும் கேசட்டும் விற்கும் கடை வைத்திருந்தார். மூலையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டே முழுப் பாட்டும் கேட்பார். ஒருநாள், "தங்கச்சி, இதே மாதிரி தமிழ்ல பாடுனா என்ன?" என்று கேட்டார்.

"தமிழ்ல யாரு கேப்பா பாய்?"

"கேக்க வைப்போம். சினிமாப் பாட்டக் காப்பி அடிக்கிறதுக்குத்தான் ஆயிரம் பேரு இருக்கானே."

எண்பத்து மூன்றாம் வருடம். கடையின் மேல்மாடி அறையில் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைக் கட்டினார்கள். முஸ்தபா சிங்கப்பூரிலிருந்து தாளம் போடும் மெஷினும் ஒரு சின்ன கீபோர்டும் கொண்டுவந்தார். மத்தளம் இல்லை, தபேலா இல்லை, புல்லாங்குழல் இல்லை. நிலையம் எடுக்காத ரேடியோக்களை வரிசையாகத் திறந்துவைத்து, அந்த இரைச்சலை மழை மாதிரிப் பதிந்தார்கள். தொழிற்சாலை மணியைப் பதிந்தார்கள். பேச்சியம்மாளே சொல் கட்டினார். கம்பெனி பஸ்ஸில் தலை சாய்த்துத் தூங்குவது, ஹாஸ்டல் கட்டிலை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் படுப்பது, சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் கழுத்து கூசுவது. இதையெல்லாம் அந்த அமெரிக்கக் குரலில் தமிழில் பாடினார். கேசட்டுக்கு 'ரெண்டாவது ஷிப்ட்' என்று பெயர். அட்டையில் ஒரு பஸ் படமும், பெகி என்ற பெயரும் மட்டும்தான்.

கடைசிப் பாட்டுக்குச் சொல் கட்டவில்லை. மைக் முன்னால் நின்றபோது அவர் வயிற்றில் பிள்ளை.

"என்ன பாடுறதுன்னு முழிச்சிக்கிட்டு நிக்கிறேன். உள்ள ஒரு ஒதை. மொதல் ஒதை. சிரிப்பு வந்துடுச்சு புள்ள. டேப்பு ஓடுதேன்னு சிரிப்ப அடக்குறேன், அது பாட்டா வெளிய வருது. பாய் கதவுகிட்ட நின்னுக்கிட்டு நிறுத்தாத நிறுத்தாதன்னு கையக் காட்டுறாரு. பெறகு அதும் மேலயே இன்னும் ரெண்டு தடவ பாட வச்சாரு. நானே எனக்குப் பதில் சொல்ற மாதிரி. அசைவுன்னு பேரு வச்சாரு அதுக்கு."

அப்படி வந்த பாட்டுதான் அது.

கேசட்டை யாரும் வாங்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் கேட்டுப் பார்த்துவிட்டு, மெஷின் கெட்டுப்போச்சா பாய் என்றார்கள். வானொலிக்குக் கொடுத்தார்கள், ஒரு தடவையும் போடவில்லை. கல்யாண விருந்துகளில் பாடக் கூப்பிட்டவர்கள், "உங்க சொந்தப் பாட்டெல்லாம் வேணாம், சினிமாப் பாட்டு பாடுங்க," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முஸ்தபா கடையை மூடிவிட்டு அண்ணனின் சாப்பாட்டுக் கடைக்கு மூவார் போய்ச் சேர்ந்தார். பெட்டி பெட்டியாக மீந்த கேசட்டுகள் குளுவாங்கில் மைக் செட் வாடகைக்கு விடும் சுகுமாறன் கைக்குப் போயின.

சுகுமாறனுக்குப் பாட்டு தேவையில்லை, கேசட்தான் தேவை. சாவு வீடு, கோயில், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் பாட்டு பதிந்து வைக்க வேண்டும். புதுக் கேசட் வாங்குவதைவிட இது மலிவு. மேலே உள்ள ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் பதிந்த கேசட்டிலும் திரும்பப் பதியலாம். அப்படி 'ரெண்டாவது ஷிப்ட்' மேல் தேவாரம் ஏறியது. ஒரு பக்கம் முழுதும், மறுபக்கம் முக்கால்வாசியும். தேவாரம் அங்கேயே தீர்ந்துவிட்டது. பாக்கி இருந்த இடத்தில் கடைசிப் பாட்டு அழியாமல் நின்றுவிட்டது.

ஏதோ ஒரு தோட்டத்துச் சாவில் தேவாரம் முடிந்தபோது மைக் செட் பக்கத்தில் ஆள் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார்கள். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டியைத் தூக்கினார்கள், அந்தக் குரல் எழுந்தது. அன்றைக்கு அந்த வீடு அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, அடுத்த சாவில் அதையே போடச் சொல்லி ஆள் விட்டார்கள். சுகுமாறன் மற்ற மைக் செட்காரர்களுக்கும் பதிந்து கொடுத்தார். பிறகு சிடி வந்தது, பென்டிரைவ் வந்தது. பாட்டு எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது.

பேச்சியம்மாள் அதை முதலில் கேட்டது பெரியப்பா சாவில். இத்தனை நாள் யாரும் கேட்காத தன் குரல், ஊரே கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் வருகிறது. சந்தோசம் தாங்கவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்களிடம் எல்லாம், "நான் பாடினது, இது நான் பாடினது," என்று சொல்லிவிட்டார்.

"எழவு வீட்டுல பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன் பாரு," என்றார் என்னிடம். "அந்த வாயத் தச்சிப் போட்டிருக்கணும்."

அதோடு கல்யாண வீட்டு அழைப்புகள் நின்றன. காரணத்தை நேராக ஒருத்தரும் சொல்லவில்லை. இசைக்குழுக்காரர் அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார். ஒரு பெண் வீட்டில் முன்பணத்தையே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு கிழவிதான் உடைத்துச் சொன்னாள்: "பொணத்துக்குப் பாடுற தொண்டையாலயா எம் பேத்திக்குப் பாடுவ?" ஹோட்டலிலும் பிறகு கராவோக்கே வந்து பாடகிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரேடியோ தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. அக்கா கேண்டீனுக்கு வந்தார்.

ஐயாசாமி இறந்து பாலோவுக்குக் கொண்டுபோனபோது அவருக்கும் அதே பாட்டைத்தான் போட்டார்கள். போடாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? வயிற்றில் அன்று உதைத்த பிள்ளை மதிவாணன் இப்போது சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறான். அவனும் அந்தப் பாட்டை முதலில் கேட்டது ஏதோ ஒரு சாவில்தான். இதைப் பற்றிப் பேசினால், "விடுங்கம்மா, அசிங்கமா இருக்கு," என்பானாம்.

அசிங்கமாக நினைக்காதவள் ஒருத்திதான் உண்டு. வேலுவின் மகள் பிரவீனா. தாயில்லாப் பிள்ளை. அத்தை வீட்டிலேயே பாதி வளர்ந்தவள். கோலாலம்பூரில் யாரோ ஒருவர் பழைய கேசட்டுகளைத் தேடிப் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறாராம். அதில் 'ரெண்டாவது ஷிப்ட்' முழுதாக இருப்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். கீழே பலர், வெளிநாட்டுக்காரர்கள்கூட, யார் இந்தப் பெகி என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பாட்டா என்று வியந்திருந்தார்கள்.

"பேரப் போட்டுடவா அத்தை?"

"இப்ப வேணாம். போடலாம், போடலாம்," என்றார் அக்கா. ஆனால் அன்று வெட்டிய கோஸ் எல்லாம் கோணலும் மாணலுமாக இருந்தது.

பிரவீனாவுக்குக் காஹாங்கில் மாப்பிள்ளை பார்த்து முடிவானது. பையன் தீபன், சிங்கப்பூரில் வேலை. இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பழக்கம்தான். கல்யாணப் பேச்சு எழுந்த அன்றே பிரவீனா சொல்லிவிட்டாள்: "டின்னர்ல அத்தைதான் பாடணும். அவங்க சொந்தப் பாட்டு. இல்லன்னா எனக்கு டின்னரே வேணாம்."

அக்கா முடியாது என்றார். இரண்டு வாரம் முடியாது என்றார். பிறகு ஐஸ் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். வேலை முடிந்து படியேறும்போது மூச்சை அடக்கி, மெல்ல விட்டுக்கொண்டே வருவார். குளியலறையில் பாடுவது என் வீட்டுக் குழாய் வழியாகக் கேட்கும். கேண்டீனில் பெரிய சட்டிகளைக் கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மறைத்துக்கொண்டு ஏற்றிப் பார்ப்பார். அந்த வயதிலும் அப்படி ஒரு குரல். அடியிலிருந்து வரும், தரையே பேசுவது மாதிரி.

"ஒரே ஒரு கல்யாணம் புள்ள," என்றார் ஒருநாள். "ஒரு கல்யாணத்துல பாடிட்டேன்னா போதும். நாளைக்கி எவனாச்சும் யாருடா இதுன்னு கேட்டா, வேலு மவ கல்யாணத்துல பாடினவங்கன்னு ஒருத்தனாச்சும் சொல்லுவான்ல?"

பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வேலு வீட்டுக்கு வந்த அன்று உதவிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். தீபனுக்கு அன்று வேலை, வரவில்லை. அவன் அம்மா கஸ்தூரி வந்திருந்தார். புருசனை இழந்து சில வருடம்தான் ஆகிறது. நல்ல மாதிரி, அதிர்ந்து பேசாதவர். கூடவே அவருடைய நாத்தனார் ராசம்மா. அந்த வீட்டில் எது நடந்தாலும் ராசம்மா வாயைப் பார்த்துத்தான் நடக்கும் என்று உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நடுக்கூடத்தில் குத்துவிளக்கு. அதன் முன்னால் சேலை, பூ, பழம், இனிப்பு என்று பரிசத் தட்டுகள்.

பேச்சு விருந்துக்கு வந்தது.

"பாட்டுக்கு ஆள் சொல்லியாச்சா சம்மந்தி?" என்று கேட்டார் கஸ்தூரி.

"ஆளு எதுக்கு? நம்ம அக்காவே பாடுவாங்க," என்றார் வேலு. "பெரிய ஹோட்டல்ல எல்லாம் பாடினவங்க."

"கேசட்டே போட்டிருக்காங்க அத்தை," என்று பிரவீனா ஃபோனை எடுத்தாள். அதை டிவி ஒலிபெருக்கியில் இணைத்து முதல் பாட்டைப் போட்டாள். தொழிற்சாலை மணி, மழை இரைச்சல், பிறகு அக்காவின் இருபத்தாறு வயதுக் குரல். கஸ்தூரி தலையை ஆட்டி ரசித்தார். அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ராசம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இரு, இரு. இந்தக் கொரலு... பெட்டி தூக்குற பாட்டுல வர்ற கொரலுல்ல?"

வேலு பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். பிரவீனா விடவில்லை.

"அது சாவுப் பாட்டே இல்ல பெரியம்மா! எல்லாரும் தப்பா வச்சிருக்கீங்க. மதியண்ணன் வயித்துல இருக்கும்போது அத்தை சந்தோசத்துல பாடினது. ஒழுங்கா ஒரு தடவ கேட்டாத்தானே தெரியும்? கேளுங்க!"

அக்கா, "பிரவீனா, வேணாம்," என்று எழுவதற்குள் போட்டுவிட்டாள்.

சந்தோசத்தை எடுத்துக் காட்டத்தான் போட்டாள். விளக்கு எரிகிறது, பரிசத் தட்டு பரப்பியிருக்கிறது, பெண் பட்டுச் சேலையில் நிற்கிறாள், அந்தக் குரல் கூடம் முழுக்க ஏறுகிறது. கஸ்தூரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் அடங்கவில்லை. புருசனைத் தூக்கிக்கொண்டு போன நாள் அவருக்கு அப்படியே திரும்பி வந்துவிட்டது. கூட வந்த பெண்களும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். ராசம்மா எழுந்து, ஒரு துண்டை எடுத்துத் தட்டுகளின் மேல் போட்டு மூடினார்.

"அலமாக்! பரிசத் தட்டு முன்னால பொணப் பாட்டா? எழுந்திரு கஸ்தூரி. இந்தச் சம்மந்தம் வேணாம்."

பிரவீனா பாட்டை நிறுத்தினாள். ஃபோன் கை நழுவிக் கீழே விழுந்தது. கஸ்தூரி அழுகையோடு, "தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி," என்றார். "அந்தக் கொரலக் கேட்டா அவரு மொகந்தான் வருது. எம் மவன் மாலையோட நிக்கிறப்போ நான் அத எப்படிக் கேப்பேன்? இந்த வீட்டுக்கு வந்து போற எடத்துல எல்லாம் அவங்க அதே கொரல்ல பேசுவாங்க, சிரிப்பாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா."

அவர் பொய் சொல்லவில்லை.

வேலு அக்காவைப் பார்த்தார். பிரவீனாவும் பார்த்தாள். அக்கா விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். கேண்டீனில் மேலாளர் திட்டும்போது சிரிக்கும் சிரிப்பு.

"அட, உக்காருங்கம்மா. எதுக்கு இவ்ளோ கலாட்டா? அது நான் இல்ல."

"புள்ள சொல்லுதே," என்றார் ராசம்மா.

"புள்ளைக்கு என்னா தெரியும்? சின்னதுல சோறு ஊட்டுறப்ப சும்மா கத விட்டேன், நான்தான் பாடினேன்னு. அதப் புடிச்சிக்கிச்சு. ஹோட்டல்ல பாடினது நெசம். கேசட்டெல்லாம் யாரு எனக்குப் போடுவா? ஃபோன்ல அந்தக் கேசட்டுப் படத்துல பாருங்க, பெகின்னு இருக்கு. எம் பேரு பேச்சி. எவளோ பெகி."

"அத்தை, ஏன் இப்படி..."

"நீ ஃபோன எடுத்து உள்ள வையி," என்றார் அக்கா. அந்தக் குரலைக் கேட்டு நானே ஓரடி பின்னால் போனேன்.

ராசம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. "வெளக்கு எரியுது. அதப் பாத்துச் சொல்லு. அது உன் கொரலா, இல்லியா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணு பாடு. கேட்டுட்டு முடிவு பண்றோம்."

அக்கா தொண்டையைச் சரிசெய்தார். ஒரு முருகன் பாட்டில் இரண்டு வரி பாடினார். மூக்கால், மெல்லிசாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மேடையில் பயந்து பாடுவது மாதிரி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இருக்கிற குரலை மறைக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். வேலு தலை நிமிரவே இல்லை.

ராசம்மா காதைச் சாய்த்துக் கேட்டார். "இது வேற கொரலுதான்," என்றார். துண்டை எடுத்தார். கஸ்தூரி முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தார். "மனசுல வச்சிக்காதீங்க அண்ணி. இதே மாதிரி நல்லதா ஒண்ணு டின்னர்ல பாடுங்க."

எல்லோரும் போன பிறகு பிரவீனா அடுப்படிக்கு வந்தாள். பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்காகப் பொய் சொன்னீங்களா?"

"உனக்காக என்னா? கல்யாணத்துல பாடச் சொன்ன, பாடப் போறேன். பெறகு என்னா வேணும்?" அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பேசினார். "அந்த யூடியூப்ல இருக்கிறத அழிக்கச் சொல்லு."

"நான் ஏத்துனது இல்ல அத்தை. என்னால அழிக்க முடியாது."

"அப்ப எம் பேர மட்டும் எங்கயும் எழுதாத. எழுதினன்னு தெரிஞ்சா உன் மாமியா வீட்டுல நான் பொய்க்காரி ஆயிடுவேன். நீயும் ஆயிடுவ. வெளங்குதா?"

பிரவீனா அழுதாள். அக்கா அழவில்லை. டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார்.

கல்யாணம் வரை அவர் தினமும் பழகினார். ஆனால் இந்த முறை குழாய் வழியாக எனக்குக் கேட்டது வேறு. குரல் அடியிலிருந்து கிளம்பும், உடனே நிறுத்துவார். மறுபடி மூக்கால் ஆரம்பிப்பார். சில நேரம் பழைய குரல் தானாக வந்துவிடும். அப்போது தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவார். கேண்டீனில் சட்டி கழுவும்போது இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை.

"தொண்ட வலிக்குதுலா," என்றார் ஒருநாள். "ரேடியோவ முள்ளு கோணலா வச்சிப் பாடவிட்ட மாதிரி இருக்கு."

மண்டபம் நிறைந்திருந்தது. காஹாங்கிலிருந்து இரண்டு பஸ் வந்திருந்தது. மதிவாணனும் சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தான். அக்கா நீலப் பட்டு கட்டி, பூ வைத்து மேடை ஏறினார். இசைக்குழுப் பையன் மைக்கை நீட்டினான். பழைய சினிமா கல்யாணப் பாட்டு ஒன்று. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூக்காலேயே பாடினார். சுருதி ஒரு இடத்திலும் பிசகவில்லை. யாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. முடிந்ததும் கைதட்டினார்கள், எல்லாருக்கும் தட்டுவது மாதிரி. மணமேடையில் பிரவீனா குனிந்து மாலைப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி மகன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். ஐஸ் போட்டே குடித்தார்.

ராசம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். காஹாங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவராம். அடுத்த தை மாதம் மகளுக்குக் கல்யாணம்.

"நல்லா மங்களகரமா பாடுனீங்க," என்றார் அந்தப் பெண். "எங்க வீட்டு டின்னருக்கும் நீங்கதான் வரணும். இதே மாதிரி பாடணும், சரியா?"

எத்தனையோ வருடமாக அக்கா கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தார். கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்தார்.

"வரேன்மா," என்றார், அதே மூக்குக் குரலில். "நம்பர் எழுதிக்குங்க."